கம்பத்துக்குக் கிரீஸ் போட்டவர்

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு நாலே வரி. அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு ஒழுங்காக மூடுவதில்லை. வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை. எங்கோ கடல் நடுவில் போன் எட்டாத ஒரு தீவின் வானிலை நிலையத்தில் எஞ்சின் பார்க்கும் தம்பிக்கு இது தெரியாது. தெரியக் கூடாது என்று அம்மா கட்டிலில் படுத்தபடியே அப்பாவிடம் வாக்கு வாங்கிவிட்டாள். தீவுக்கு வந்திருக்கும் கப்பல் நாளை விடிகாலை அங்கிருந்து கிளம்புகிறது. அதை விட்டால் அடுத்தது ஏழு வாரம் கழித்து.

இன்று செவ்வாய். செவ்வாய்க்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்கு அப்பாவும் பிள்ளையும் ரேடியோவில் பேசுவார்கள். ஆனால் ரேடியோவின் ஏரியல் இருப்பது ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், வீட்டு மொட்டை மாடியில். ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்கு டாக்டர் வருவார். அப்பா அம்மாவை விட்டு அவ்வளவு தூரம் போகமாட்டார். ஆகவே ஏரியல்தான் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். ரேடியோவும் ஏரியல் ஒயரும் காலையிலேயே காரில் வந்துவிட்டன. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கம்பம் வேண்டும்.

அதனால்தான் மதியம் இரண்டு மணிக்கு அப்பாவும் மூத்த மகள் பெரியவளும் ஒரு தூண்டில் கடையில் நின்றார்கள்.

மேஜை மேல் மூன்று கம்பங்கள். சுருங்கிக் கிடக்கும்போது எதுவும் ஆள் உயரம்கூட இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய குழாய்களை இழுத்துவிட்டால் மூன்று மாடி உயரம்.

"இதுல எது நிக்கும்?" என்று கேட்டார் அப்பா.

அதே கேள்வியை அவர் கேட்பது இது மூன்றாவது முறை. கடைக்காரர் பெரியவளைப் பார்த்தார். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அப்பா. வடத்தைக் கட்டை விரலால் நெருடியே எத்தனை பேரைத் தாங்கும் என்று சொல்லுவார். எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரர் இவரிடம்தான் சந்தேகம் கேட்பார். அந்த மனுஷன் இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"கறுப்பைப் பாருங்க சார்," என்றார் கடைக்காரர், மூன்றாவது முறைக்கும் சளைக்காமல். "கார்பன். பன்னெண்டு மீட்டர். தூக்கிப் பாருங்க, கையில இருக்கிறதே தெரியாது."

அப்பா தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

பெரியவள் குளியலறைச் சாமான் கடையில் பதினோரு வருடமாக விற்பனை பார்க்கிறாள். முதலில் எடுத்து நீட்டப்படும் சரக்கு யாருக்கு லாபம் என்று அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. தவிர, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அப்பா நடத்திய பாடங்களில் ஒன்றிரண்டு அவள் காதிலும் ஒட்டியிருந்தன.

"கார்பன்ல கரண்ட் போகும்ல? ஏரியல் ஒயரை ஒட்டிக் கொண்டு போனா சிக்னல்ல பாதியை அதுவே தின்னுடும்னு இவர்தான் சொல்லுவார்."

"ஆமா," என்றார் அப்பா, யாரோ தூக்கத்தில் எழுப்பியது போல. "ஆமா, தின்னுடும்."

"தூண்டிலுக்குன்னா இதுதான் ராஜா," என்று சொல்லிக் கறுப்பை ஓரமாக ஒதுக்கினார் கடைக்காரர்.

"நாங்க மீன் பிடிக்க வரல. அலுமினியம் எப்படி?"

"இரும்பு மாதிரி நிக்கும். ஒவ்வொரு கணுவுக்கும் கவ்வி இருக்கு, போட்டுப் பூட்டிட்டா யானை முட்டினாலும் இறங்காது. ஆனா பதினஞ்சு கிலோ. மூணு பக்கம் கயிறு கட்டணும், தூக்க மூணு ஆள் வேணும். நீங்க எத்தனை பேர்?"

பெரியவள் வாசலைப் பார்த்தாள். காருக்குள் அவள் புருஷன், அந்த வீட்டு மாப்பிள்ளை, ஸ்டியரிங்கில் முகவாயை வைத்து உறங்கிக்கொண்டிருந்தான். மூன்று நாளாக வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவன்தான் வண்டி ஓட்டுகிறான்.

"ரெண்டரை," என்றாள்.

"அப்ப இதுதான்." மூன்றாவதை உருட்டிவிட்டார். பச்சை நிறத்தில் ஃபைபர் கம்பம். "மூணு கிலோ. ஒரே ஆள் நிறுத்திடலாம். கரண்ட் கடத்தாது. பத்து மீட்டர்."

"பத்தும் உழைக்குமா?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். எதிரில் நிற்பதும் கடைக்காரி என்று அவருக்கு வாசனை தெரிந்துவிட்டது போலும். "உள்ளதைச் சொல்றேன். மேல ரெண்டு துண்டு பென்சில் மாதிரி. ஏரியல் ஒயரோட நடுவையும் கேபிளையும் அதுல தொங்கவிட்டா தலையைக் குனிஞ்சிடும். அந்த ரெண்டையும் கழட்டி வீட்ல வச்சிடுங்க. எட்டு மீட்டர் கேரண்டி."

"அப்ப எட்டுன்னு எழுதி விக்கிறது."

"நான் எட்டுன்னு எழுதினா எதிர்க்கடைக்காரன் பன்னெண்டுன்னு எழுதிடுவான்மா."

"சரி. இல்லாத ரெண்டு மீட்டருக்குப் பதிலா கார் சக்கரத்துக்கு அடியில வைக்கிற அடித்தட்டு, கயிறு, முளை எல்லாம் சேர்த்துக் குடுங்க."

"நல்லாருக்கே. இல்லாததுக்கு இருக்கிறதைக் கேக்குறீங்க."

"நீங்க இருக்கிறதோட இல்லாததையும் சேர்த்துத்தானே வித்தீங்க."

அவர் சிரித்துவிட்டார். அடித்தட்டு வந்தது, கயிறு வந்தது, முளை நான்கு கேட்டு மூன்று வந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அப்பா இந்தப் பேரத்தை ஒரு வாரம் வீட்டில் நடித்துக் காட்டியிருப்பார். இன்று அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

"வாசல்ல ஒரு தடவை இழுத்து நிறுத்திப் பாத்துட்டுக் கொண்டு போங்க," என்றார் கடைக்காரர்.

அது அப்பாவின் சட்டமே. எதையும் நிறுத்தி, ஒரு காபி குடித்து முடிக்கும்வரை நிற்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குவார்.

"நேரமில்ல," என்று கம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா படியிறங்கிவிட்டார்.

"துணியால நல்லாத் துடைச்சு முறுக்கி இறுக்கணும் சார். கவ்வி கிவ்வி எதுவும் கிடையாது, எல்லாம் பிடிப்புலதான் நிக்குது," என்று கடைக்காரர் சொன்னது அவர் முதுகுக்குத்தான் கேட்டிருக்கும். பெரியவளுக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து போன் வந்ததில் அது மனதில் பதியாமல் பாதியோடு நின்றது.

காரில் கம்பத்தின் நுனி முன்சீட்டுகளுக்கு நடுவில் நீட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் காதை உரசியது.

இரண்டாவது சிக்னலில் பெரியவளால் முடியவில்லை. "இன்னைக்கு அவன்கிட்ட சொல்லிடணும்ப்பா."

"அவ வேண்டாம்னுட்டா."

"அவங்க வேண்டாம்னா? ஏதாவது ஆச்சுன்னா அவன் ஏழு வாரம் கழிச்சு வந்து யார் முகத்தைப் பாப்பான்?"

மாப்பிள்ளை கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான்.

"முன்னாடி ரெண்டு வேலையை அவளுக்காகத்தான் விட்டான்," என்றார் அப்பா. "ஆஸ்துமான்னு ஒரு தடவை, கால் முறிஞ்சுச்சுன்னு ஒரு தடவை. இன்னும் மூணு மாசத்துல இந்த வேலை நிரந்தரம். நடுவுல இறங்கினா இதுவும் போச்சு. 'என் உடம்பு அவன் சோத்துல மண்ணைப் போடக் கூடாது'ன்னா. நான் சரின்னேன். சரின்னு சொன்னேன்ல?"

கேள்வி யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தும் இடத்தின் கடைசியில், வெறும் புல்தரை. பெரியவள் முதலில் அண்ணாந்து பார்த்தாள். மின்கம்பி எதுவும் தலைக்கு மேலே போகவில்லை. அடித்தட்டைத் தரையில் போட்டு, அதன்மேல் முன்சக்கரத்தை ஏற்றச் சொன்னாள். கம்பம் கார் எடையிலேயே நிற்கும்.

"ஏத்திட்டு நான் இறங்கலாமா?" என்றான் மாப்பிள்ளை.

"இறங்கலாம். வண்டியை மட்டும் எடுத்துடாதீங்க."

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷத்துல இப்பத்தான் இந்த வீட்டுக்கு ஒரு ஊன்றுகோலா ஆயிருக்கேன்."

அவன் சொன்னதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடம் அழுகைக்குப் பக்கத்து வீடாக இருந்ததால் அடக்கிக்கொண்டாள். முளைகளை அடித்துக் கயிற்றை அளப்பதில் இருவரும் முனைந்தார்கள். காருக்குப் பின்னால் விரிப்பைப் போட்டு, கம்பத்தின் துண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து, அப்பா என்னவோ தேய்த்துக்கொண்டிருந்தார். துடைக்கிறார் என்று நினைத்தாள்.

மூன்றே முக்காலுக்குக் கம்பம் ஏறியது. உச்சியிலிருந்து ஏரியல் ஒயர் இரண்டு பக்கமும் கூரை மாதிரிச் சரிந்து இறங்கியது. அப்பா பின்சீட்டில் மடியில் ரேடியோவும் காலடியில் பாட்டரியுமாக உட்கார்ந்தார். பக்கத்தில் மோர்ஸ் என்ற தந்தி பாஷையைத் தட்டும் சாவி. அது அம்மாவின் சாமான். ரேடியோவில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால் அம்மா மைக்கில் பேசவே மாட்டாள். 'ஊரே காது வச்சிருக்கிற இடத்துல என் பிள்ளையைக் கொஞ்சணுமா' என்பாள். பேச்சு முடியும்போது சாவியை வாங்கி எண்பத்தெட்டு அடிப்பாள். ரேடியோக்காரர்கள் பாஷையில் அதற்கு அன்பும் முத்தமும் என்று பொருள். எட்டு என்றால் மூன்று நீளம், இரண்டு குட்டை. அதை இரண்டு தடவை. அவளுக்குத் தெரிந்த மோர்ஸ் அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு இரைச்சலுக்குள்ளிருந்து தம்பியின் குரல் எழுந்தது. தம்பிக்கு நாலரை வரைதான் நேரம். அதற்குமேல் அங்கே ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள்.

"அப்பா, கேக்குதா? இந்தப் பக்கம் காத்து பலமா இருக்கு. கப்பல் வந்து நிக்குது, சரக்கு இறக்குறோம். ஓவர்."

"கேக்குது, கேக்குது," என்றார் அப்பா. குரலைக் கேட்டதும் அவர் முகத்தில் மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த ஒருவர் திரும்பி வந்தார். அடுத்த வார்த்தைக்குள் தம்பியின் குரல் மெலிந்தது. மெலிந்து, தேய்ந்து, இரைச்சலில் கரைந்தது.

வெளியே மாப்பிள்ளை நிதானமாகச் சொன்னான்: "மாமா, கம்பம் குட்டையாகுது."

பெரியவள் இறங்கி ஓடினாள். நிஜம்தான். மேல் துண்டு அடுத்ததற்குள்ளும், அது அதற்கு அடுத்ததற்குள்ளும், மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வரும் லிஃப்ட் மாதிரி, ஆட்டமில்லாமல், சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கணுவைத் தொட்டாள். விரல் வழுக்கியது. முகர்ந்தாள்.

சின்ன வயதில் அப்பா வேலையிலிருந்து வந்து தூக்கும்போது அவர் கையில் வீசும் அதே வாசனை.

"அப்பா, இதுக்கு என்ன போட்டீங்க?"

"கிரீஸ்," என்றார் அப்பா. "ஏறி இறங்குற சாமான். காஞ்சு கிடந்துச்சு, கொஞ்சம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். விரல்களைத் தூக்கிப் பார்த்தார். பிடிப்பினால் மட்டுமே நிற்கும் ஒரு பொருளுக்கு வழுக்கல் தடவியவர் யார் என்று அந்த விரல்களிடமே கேட்பது போலப் பார்த்தார். நாற்பது வருடம் எது மேலே போனாலும் எது கீழே வந்தாலும் எண்ணெயும் கிரீஸும் போட்ட கை. தலை எங்கோ இருந்தபோது கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றார், மெதுவாக.

"ஒண்ணும் ஆகல. தள்ளுங்க."

ஆஸ்பத்திரிப் பையில் கைக்குத் தடவிக்கொள்ளும் ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. கம்பத்தை இறக்கி, துப்பட்டாவில் ஸ்பிரிட்டை ஊற்றி, கணுக்கணுவாகத் துடைத்தாள். மாப்பிள்ளை தன் சட்டையைக் கழற்றிக்கொடுத்தான். முறுக்கி இறுக்கிய ஒவ்வொரு கணுவுக்கும், அம்மா கையில் ஊசிக்கு மேல் ஒட்டும் டேப்பைச் சுற்றினாள். கடைசிக் கணு வரும்போது டேப் அரைச் சுற்றோடு தீர்ந்தது. அதையும் ஒட்டி நிமிர்த்தியபோது மணி நாலு இருபத்திரண்டு.

"...அப்பா, அப்பா, கேக்குதா? எங்க போனீங்க? ஓவர்."

"ஏரியல்ல சின்னத் தகராறு," என்றார் அப்பா. "இங்க எல்லாரும் சௌக்கியம்."

"அம்மா?"

அப்பா மைக்கின் பொத்தானை அழுத்தினார், பேசாமல் விட்டார், மறுபடி அழுத்தினார். "இருக்கா. நேரமாச்சு, எண்பத்தெட்டு அடிப்பா."

பெரியவளைப் பார்த்தார். கண் கெஞ்சியது. அவளுக்கு அப்பா கெஞ்சிப் பழக்கமில்லை, மறுக்கத் தெரியவில்லை. சாவியை எடுத்தாள். பத்து வயதில் அப்பா கற்றுக்கொடுத்தது. மூன்று நீளம், இரண்டு குட்டை. மூன்று நீளம், இரண்டு குட்டை.

இரைச்சல். மறுபடியும் இரைச்சல். பத்து விநாடி, பதினைந்து விநாடி.

"அப்பா," என்றது தம்பியின் குரல். "அது அம்மா இல்ல. அம்மா எங்கே?"

அப்பாவின் கையில் மைக் இருந்தது. கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தவில்லை. மணி நாலு இருபத்தெட்டு.

பெரியவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை. விரல்கள் மட்டும் தளர்ந்தன. கிரீஸ் பிசுக்கோடு அவர் கட்டைவிரலையும் சேர்த்து அவள்தான் அழுத்தினாள்.

"தம்பி, அக்கா பேசறேன். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கப்பல்ல ஏறு. ஏறிடு."

பொத்தானை விட்டாள். இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். மாப்பிள்ளை பனியனோடு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். கம்பம் அவனைவிடக் கொஞ்சம்தான் உயரமாக இருந்தது.

"எப்ப இறங்குச்சு?"

"கடைசிக் கணு டேப் விட்டுடுச்சு. நீ 'தம்பி'ன்னப்பவே ஒரு துண்டு போச்சு. மிச்சத்தை முடிஞ்ச வரைக்கும் பிடிச்சேன். அப்புறம் எல்லாம் கைக்குள்ளயே வந்துடுச்சு."

திரும்ப ஏற்றினார்கள். மணி நாலு முப்பத்தைந்து. தீவில் ஜெனரேட்டர் நின்றிருக்கும். ஐந்து நிமிடம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்பா ரேடியோவை அணைத்தார்.

"சொல்லிட்டே," என்றார்.

"சொல்லிட்டேன்."

"கேட்டிருக்குமா?"

"தெரியலப்பா."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் விரலைத் துடைப்பதிலேயே இருந்தார். "அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே," என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மணிக்கு டாக்டர் இன்னும் வரவில்லை. அம்மா தலையணையில் சாய்ந்து விழித்திருந்தாள். மூன்று நாளில் முகம் சிறுத்து, கண்கள் மட்டும் பழைய அளவில் இருந்தன. அவர்கள் உள்ளே வந்து நின்றதும் முகர்ந்தாள்.

"கிரீஸ் வாசனை. தூண்டில் கம்பத்துல ஏரியல் கட்டப் போறேன்னவர் லிஃப்டைக் கழட்டிட்டு வர்றாரா?"

அப்பா சிரிக்க முயன்றார்.

"பேசினீங்களா? நல்லாருக்கானா?"

"நல்லாருக்கான். காத்து ஜாஸ்தியாம்."

"ஒண்ணும் சொல்லலையே?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார் அப்பா. அது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"எண்பத்தெட்டு?"

"அடிச்சோம்."

"யாரு?"

"நான்தாம்மா," என்றாள் பெரியவள்.

"எங்க, அடிச்சுக் காட்டு."

கட்டிலின் கம்பியில் விரல் மோதிரத்தால், நீளத்துக்கு இழுத்துத் தேய்த்தும் குட்டைக்குத் தட்டியும் காட்டினாள். மூன்று நீளம், இரண்டு குட்டை. மூன்று நீளம், இரண்டு குட்டை. அம்மா கண்ணை மூடிக் கேட்டாள்.

"கடைசியில ரெண்டு குட்டையா?"

"ரெண்டுதானேம்மா. எட்டுக்கு அதான் சரி."

"சரியோ தப்போ, நான் ஒண்ணுதான் அடிப்பேன். அவசரத்துல கடைசியை விழுங்கிடுவேன். எத்தனை வருஷமா அவன் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்றான். உனக்குத் தெரியாதா?"

பெரியவளுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், அவர் தலை தாழ்ந்திருந்தது.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவளின் துப்பட்டாவில் இருந்த கறுப்புக் கறையை, அப்பாவின் விரல்களை, வாசலிலேயே தயங்கி நின்ற மாப்பிள்ளையின் பனியனை. கோபப்படுவாள் என்று மூவரும் நின்றார்கள். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு, சுவரைப் பார்த்தபடியே, யாரிடமோ விலை விசாரிப்பது போன்ற குரலில் கேட்டாள்:

"கப்பல் காலையில எத்தனை மணிக்கு?"